குறிஞ்சி ஆண்டவர் கோயில், கொடைக்கானல்

பழனி மலைத்தொடரில், கொடைக்கானல் ஏரியிலிருந்து ஏறத்தாழ 3 கி.மீ. தொலைவில் உள்ள முருகன் கோயில். லீலாவதி இராமநாதன் 1936இல் கட்டியது. பழனி தண்டாயுதபாணி சுவாமி கோயில் நிர்வாகத்தின்கீழ் உள்ளது. வானம் தெளிந்த நாளில் இங்கிருந்து பழனியும் வைகை அணையும் தெரியும்.

நிறுவியவர்

லீலாவதியின் முன்னைப் பெயர் ஆர். எல். ஹாரிசன். ஐரோப்பிய வழிவந்த இவர், இலங்கையின் சட்ட அறிஞரும் சைவப் பெரியாருமான சேர் பொன்னம்பலம் இராமநாதனிடம் (1851–1930) சமயம் பயின்று, சைவம் தழுவி, அவரையே மணந்தார். கணவர் மறைந்து ஆறாண்டுகளில் இக்கோயிலை எழுப்பினார்.

சமய நோக்கு

இராமநாதன் பரானந்தர் என்ற பெயரில் மத்தேயு (1898), யோவான் (1902) நற்செய்திகளுக்கு ஞான நோக்கில் ஆங்கில உரை தந்தார். மத்தேயு உரை ஹாரிசனுக்கு விளக்கிச் சொன்னதாகவே வெளிவந்தது. கட்டளைகளில் தலையாயது எது என்று ஒரு சட்ட வல்லுநர் இயேசுவைக் கேட்பது அந்த நற்செய்தியில் வருகிறது. இறைவனிடம் முழு அன்பு, அயலாரிடம் தன்னைப்போல் அன்பு. வேதச் சட்டம் முழுவதும் இவ்விரண்டில் அடங்கும் என்பது அவர் தந்த விடை.

சைவத்தில் இதற்கு இணையானது கண்ணப்பர் வரலாறு. காளத்தி மலையில் சிவகோசரியார் ஆகம விதிப்படி பூசிக்கிறார். வேடரான திண்ணனாரோ (கண்ணப்பர்) வாயில் கொணர்ந்த நீரால் திருமஞ்சனம் ஆட்டி, தாம் சுவைத்துப் பார்த்த இறைச்சியைப் படைக்கிறார். மனம் நொந்த சிவகோசரியாருக்கு அந்த வேடரின் அன்பை இறைவன் கனவில் உணர்த்துகிறார். விதி அங்கே தள்ளப்படவில்லை. விதி எதற்காக ஏற்பட்டதோ அந்த அன்பு முன்னே வைக்கப்படுகிறது.

இராமநாதனும் விதியை விட்டவர் அல்லர். கொழும்பில் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லில் புதுப்பித்தார். 1913இல் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் பெண்களுக்கெனக் கல்லூரி தொடங்கினார். கோயில் பணியும் கல்விப் பணியும் அவருக்கு ஒரே தொண்டின் இரு கைகள்.

சிறப்பு

மலையும் மலை சார்ந்த நிலமுமாகிய குறிஞ்சிக்குச் சேயோனாகிய முருகனைத் தெய்வமாகச் சொல்கிறது தொல்காப்பியம். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018இல் இம்மலைகளில் மலர்ந்தது. தமிழ்நிலத்தின் இத்தனை பழைய முருக வழிபாட்டுக்கு, கடல்கடந்து வந்து சைவரான ஒரு பெண் கோயில் எடுத்திருக்கிறார். பிறப்பும் மொழியும் வேறாயினும் அன்பு ஒன்றே இறைவனை அடையும் உரிமை என்பதற்கு இக்கோயில் சான்று.