சுவரும் சித்திரமும்

'சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இன்று சில இடங்களில் சுவரே சித்திரமாகிவிட்டது. மின்சாரக் கேந்திரங்களில், ரயில்வே கட்டுப்பாட்டு அறைகளில், ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் தினத்தன்று, சுவர் முழுவதும் கோடும் எண்ணும் வர்ணமுமாய்ப் பளபளக்கும் திரையை நேயர்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதன் முன்னே கை கட்டி நிற்கும் அதிகாரிகளும் படத்தில் இருப்பார்கள். இல்லாதவர் ஒருவர்தான். அந்தச் சுவர் பொய் பேசாமல் பார்த்துக்கொள்ளும் உத்தியோகஸ்தர். எனக்கு அவர் மேல்தான் அக்கறை.

எங்கள் விருதுநகர்ச் சீமையில் ஆலங்குளம் இருக்கிறது. (தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் வேறு; இது சிமெண்டு ஆலங்குளம்.) கரிசல் காட்டுக்கு நடுவே சுண்ணாம்புக் கல்லை நம்பி 1970-இல் அரசாங்கச் சிமெண்டு ஆலை எழுந்த ஊர். சிமெண்டுச் சூளை என்பது நம் செங்கற் சூளை போன்றதல்ல. சற்றே சாய்த்துப் படுக்க வைத்த நீண்ட இரும்புக் குழாய் அது. உள்ளே சுமார் 1,450 டிகிரி வெப்பத்துடன் ஓயாமல் சுழல வேண்டும். மின்சாரம் நின்று, சூடான குழாய் அசையாமல் கிடந்தால் தன் கனத்தாலேயே வளைந்துவிடும். அதனால் மாற்று யந்திரத்தை ஓட்டி மெல்லத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். ஆக, கரிசல் காட்டுச் சூளையின் முதுகெலும்புகூட, எங்கோ ஒரு நகரத்தில் ஒரு சுவர் உண்மை சொல்வதைப் பொறுத்தது.

இந்தச் சுவரின் பாட்டி ஒரு மேஜை. 1940-இல் ஜெர்மன் விமானங்கள் இங்கிலாந்தின் மேல் பறந்து வந்தபோது, லண்டனுக்கு அருகே பென்ட்லி பிரியரியில் பெரிய தேசப் படத்தை மேஜைமேல் விரித்து, விமானப் படையின் பெண்கள் நீண்ட கோலால் காய்களை நகர்த்தினார்கள். இதை ஏற்பாடு செய்தவர் டவுடிங் என்ற தளபதி. அங்கே சுவரில் தொங்கிய கடிகாரத்தைத்தான் நான் வியக்கிறேன். அதன் முகத்தை ஐந்தைந்து நிமிஷமாகப் பிரித்துச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வர்ணம் தீட்டியிருந்தார்கள். தகவல் வரும்போது முள் எந்த வர்ணத்தில் இருக்கிறதோ, அந்த வர்ணக் காயை வைக்க வேண்டும். முள் ஒரு வர்ணத்தில், காய் வேறு வர்ணத்தில் என்றால், செய்தி பழசு! எதிரி எங்கே என்று சொன்னதோடு, தான் சொல்வதற்கு எவ்வளவு வயதாகிவிட்டது என்பதையும் அந்த மேஜை ஒப்புக்கொண்டது.

பிறகு மேஜை சுவரில் ஏறியது. வர்ணக் கோடுகளும் சிறு விளக்குகளும் பதித்த பலகைகள் வந்தன. விளக்கு எரிந்தால் ஒரு பொருள், அணைந்தால் ஒரு பொருள். ஆனால் விளக்குக்கு எது தெரியும்? 1979 மார்ச் 28-ஆம் தேதி அமெரிக்காவில் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு விளக்கு அணைந்தது. வால்வு மூடிவிட்டது என்று எண்ணினார்கள். அந்த விளக்குக்குத் தெரிந்ததெல்லாம், மூடும்படி உத்தரவு போனது மட்டுமே. வால்வு இரண்டு மணி நேரத்துக்கு மேல் திறந்தே கிடந்தது.

அதற்கப்புறம் கம்ப்யூட்டரின் காலம். பல திரைகளை அடுக்கி ஒரே சுவராக்கும் மென்பொருள் வந்தது. நம் உத்தியோகஸ்தரின் வேலையும் பெருகிற்று. எந்தப் படம் எந்த மூலையில் நிற்க வேண்டும், அதை மாற்றும் அதிகாரம் யாருக்கு, எல்லாக் கடிகாரங்களும் ஒன்றாய் ஓடுகின்றனவா என்றெல்லாம் அவர் பார்க்க வேண்டும். இவற்றைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு. புதுத் தகவல் வராமல் நின்றுபோன எண்ணை வேறு நிறத்தில் காட்டச் செய்வது. ஏனென்றால், உறைந்துபோன படமும் அமைதியான படமும் பார்வைக்கு ஒன்றே.

2003 ஆகஸ்ட் 14-ஆம் தேதி நடந்ததைக் கதையாக எழுதினால், இத்தனை தற்செயலா என்று பத்திராதிபர் திருப்பி அனுப்பிவிடுவார். அமெரிக்காவின் ஒஹையோ மாகாணத்தில் பர்ஸ்ட் எனர்ஜி என்ற மின்சாரக் கம்பெனி. அதை மேற்பார்க்கும் கேந்திரத்தில், நிலைமையைக் கணக்கிடும் புரோகிராம் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தானாக ஓட வேண்டும். அன்று மதியம் ஒருவர் அதை நிறுத்திப் பழுது பார்த்தார். சரியாகிவிட்டது என்று எண்ணிச் சாப்பிடப் போனார். தானாக ஓடும்படி மறுபடி முடுக்கிவிட மறந்தார். பிற்பகல் 2 மணி 14 நிமிஷத்துக்குக் கம்பெனியின் அபாய அறிவிப்பு மென்பொருள் செத்தது. சாகும்போது சத்தம் போடவில்லை. அபாயம் என்று எதுவும் வராததால், அபாயமே இல்லை என்று நினைத்தார்கள். பக்கத்துக் கம்பெனிக்காரர் டெலிபோனில், "உங்கள் கம்பியில் ஏதோ கோளாறு" என்கிற மாதிரிச் சொன்னார். இங்கே ஒன்றும் தெரியவில்லையே என்று பதில் போயிற்று. கம்பிகள் சூடேறித் தொய்ந்து, வெட்டாமல் விட்ட மரங்களில் ஒவ்வொன்றாய் உரசிக்கொண்டிருந்தன.

இதில் எனக்கு ஆறாத இடம் வேறு. 2 மணி 41 நிமிஷத்துக்கே கம்ப்யூட்டர் பழுதென்று அதைப் பராமரிப்பவர்களுக்குச் செய்தி போய்விட்டது. அவர்கள் வந்தார்கள், யந்திரத்தை மறுபடி ஓட்டினார்கள். சுவர் எதிரே உட்கார்ந்திருந்தவர்களிடம் "அறிவிப்பு வருகிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை! 4 மணி 13 நிமிஷத்துக்குள் எட்டு மாகாணங்களும் கனடாவின் ஒன்டாரியோவும் இருண்டன. ஐந்து கோடி ஜனங்கள். அந்த அறையில், மற்ற பல அறைகளில் இருந்தது போன்ற பெரிய சுவர்ப்படமே இல்லை என்று விசாரணை அறிக்கை எழுதியது. இருந்திருந்தால் தப்பியிருக்குமா? சுவர் இருந்து, அதைக் கவனிக்க ஆள் இல்லாவிட்டால் இல்லாததற்குச் சமானம் என்பது என் அபிப்பிராயம்.

நம் தேசத்திலும் 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கு இருண்டது. இரண்டாம் நாள் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்துகொண்டன. தெற்கு தப்பிற்று. அப்போது தென்னாட்டு மின்கட்டு மற்றவற்றோடு ஒரே தாளத்தில் இணையவில்லை. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர் – சோலாப்பூர் கம்பி அந்த இணைப்பைச் செய்தது. இன்று ஆலங்குளமும் டில்லியும் வினாடிக்கு 50 என்ற ஒரே தாளத்தில் ஓடுகின்றன. ஆடி மாதத்தில் கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் பேயாய்ச் சுழலும்போது, அந்தக் கணக்கும் சென்னையில் சுவரில் ஏற வேண்டும். காற்று அடங்கினால் எண் இறங்க வேண்டும். எண் இறங்காமலும் ஏறாமலும் அப்படியே நின்றால், அதன் நிறம் மாற வேண்டும்.