வார்ப்புப் படிமமும் பெயர் மறைவும்: தமிழ்ச் சூழலில் போலந்தியர்

முன்னுரை

பெங்களூரின் ஈஜிபுரா, விவேக் நகர், நீலசந்திரா, ஆஸ்டின் டவுன் ஆகிய பகுதிகளில் தமிழ் பேசுவோர் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். விவேக் நகரிலுள்ள குழந்தை இயேசு ஆலயத்துக்கு வரும் அடியவர்களிலும் தமிழர் பலர். 1978 முதல் 2005 வரை கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவராக விளங்கிய திருத்தந்தை, தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கில் ‘இரண்டாம் அருள் சின்னப்பர்’ எனப் பெற்றார். அருளப்பர் என்பது யோவானுக்கும், சின்னப்பர் என்பது பவுலுக்கும் தமிழ்க் கத்தோலிக்கர் இட்டு வழங்கிய பெயர்களாகும். திருத்தந்தையர் இயற்பெயரைத் துறப்பது மரபே. ஆயினும் கரோல் வொய்த்தீவா என்ற பெயருடன் 1920இல் போலந்தின் வாதோவிட்சே என்ற ஊரில் பிறந்தவர் இவர் என்பதை இத்தமிழ்ப் பெயர் முற்றிலும் மறைத்துவிடுகிறது. 1986 பிப்ரவரியில் அவர் சென்னைக்கு வந்தபோது கூடிய மக்கள் திருத்தந்தையைக் காண வந்தவர்களே அன்றி ஒரு போலந்தியரைக் காண வந்தவர்கள் அல்லர்.

ஓர் இனத்தார் அனைவரையும் ஒரே அச்சில் வார்த்துக் காணும் எண்ணத்தை இக்கட்டுரை ‘வார்ப்புப் படிமம்’ எனக் குறிக்கிறது. போலந்தியரைப் பற்றிய அத்தகைய படிமங்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மிகுதி. தமிழில் அவை வேரூன்றவில்லை. இங்குப் போலந்தியர் தனிமனிதராகவே வந்தனர். வேறு பெயர்களுக்குள் மறைந்தனர். இவ்வேறுபாட்டின் காரணத்தையும் பயனையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐரோப்பாவில் படிமங்களின் தோற்றம்

போலந்தியர் ஒழுங்கற்றவர், குடிப்பழக்கம் மிக்கவர், கண்மூடித்தனமான வீரம் உடையவர், கூலிவேலைக்கே உரியவர் என்பன பரவலான படிமங்கள். இவை ஒவ்வொன்றும் தோன்றிய காலமும் தேவையும் அறியத்தக்கவை. ஒழுங்கின்மையைக் குறிக்க ஜெர்மானியர் ‘போலந்து நிருவாகம்’ என்ற தொடரை ஆண்டனர். கியோர்க் ஃபோர்ஸ்டர் என்ற ஜெர்மானிய அறிஞர் 1784இல் எழுதிய கடிதத்தில் அத்தொடர் காணப்படுகிறது. முதற் பிரிவினை முடிந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்திருந்த காலம் அது. பிரஷ்யாவும் ரஷ்யாவும் 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளிலும், ஆஸ்திரியா 1772, 1795 ஆகிய ஆண்டுகளிலும் போலந்தைப் பங்கிட்டுக்கொண்டன. 1918 வரை போலந்து என்னும் தனியரசு இல்லை. ஒரு நாட்டைக் கைப்பற்றியவர்க்கு, அந்நாட்டார் தம்மைத் தாமே ஆளத் தகுதியற்றவர் என்ற கருத்துப் பெரிதும் பயன்பட்டது.

குதிரைப்படை ஈட்டியேந்தி டாங்கிகளின் மேல் பாய்ந்தது என்ற கதையும் இத்தகையதே. 1939 செப்டம்பர் 1 அன்று க்ரோயாந்தி என்னுமிடத்தில் போலந்துக் குதிரைப்படை ஜெர்மானியக் காலாட்படையைத் தாக்கியது. பின்னர் வந்து சேர்ந்த கவச ஊர்திகளின் சூட்டுக்கு அது இலக்காயிற்று. களத்தைப் பிறகு கண்ட செய்தியாளர்களின் எழுத்தாலும் நாஜிப் பரப்புரையாலும் அந்நிகழ்ச்சி உருமாறி, அறியாமை கலந்த வீரத்தின் சான்றாக நிலைபெற்றது.

கூலிவேலை பற்றிய படிமம் புலம்பெயர்வின் விளைவு. சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் குறைந்த கூலிக்குச் சென்றவர்களைப் பற்றி அமெரிக்காவில் நகைச்சுவைத் துணுக்குகள் பெருகின. 2005இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அரசியலமைப்பு ஒப்பந்தம் குறித்துப் பிரான்சில் பொதுவாக்கெடுப்பு நடந்தபோது, குறைந்த கூலிக்கு வேலையைப் பறிக்க வரும் ‘போலந்துக் குழாய்ப் பணியாளர்’ என்ற உருவம் அரசியல் மேடைகளில் உலவியது. போலந்துச் சுற்றுலாத் துறை அதற்குச் சினவாமல், அழகிய குழாய்ப் பணியாளர் ஒருவரின் படத்தை விளம்பரமாக வெளியிட்டது. தாம் போலந்திலேயே இருப்பதாகவும் பிரெஞ்சு மக்களே அங்கு வருமாறும் அவர் அழைப்பதாக அவ்விளம்பரம் அமைந்தது. எள்ளலை எள்ளலால் வென்றமைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஆள்வோர்க்கும் ஆளப்படுவோர்க்கும், கூலி தருவோர்க்கும் பெறுவோர்க்கும் இடையிலான உறவே இப்படிமங்களின் விளைநிலம் எனலாம். தமிழர்க்கும் போலந்தியர்க்கும் இடையே அத்தகைய உறவு எக்காலத்தும் இருந்ததில்லை. தமிழில் இப்படிமங்கள் முளைக்காமைக்கு அதுவே முதற் காரணம்.

பெயர் மறைந்து வந்தோர்

படிமம் இல்லை என்பதால் அறிமுகம் இல்லை என்று கொள்ளலாகாது. 1884இல் ரிவர்ஸ்டேல் என்ற கப்பலில் ஓர் அலுவலர் சென்னைக்கு வந்தார். கப்பல் தலைவரோடு பிணங்கி இங்கேயே பணியை விட்டு நீங்கினார். பம்பாய் சென்று வேறு கப்பலில் சேர்ந்தார். பின்னாளில் ஜோசப் கான்ராட் என்ற பெயரில் புகழ்பெற்ற நாவலாசிரியர் அவர். யூசெஃப் தியோடர் கொன்ராட் கொஜெனியோவ்ஸ்கி என்பது அவர் இயற்பெயர். நம் கல்லூரிகளில் அவர் ஆங்கில எழுத்தாளராகவே கற்பிக்கப்படுகிறார். 1867இல் வார்சாவில் பிறந்த மேரி கியூரியைப் பலர் பிரெஞ்சு அறிவியலாளராகவே அறிவர். 1898இல் தாம் கண்டறிந்த தனிமத்துக்கு, அன்று நிலப்படத்தில் இல்லாத தம் தாய்நாட்டை நினைந்து ‘பொலோனியம்’ எனப் பெயரிட்டவர் அவர். வேதியியல் பாடத்தில் அச்சொல்லைப் படிக்கும் மாணவர்க்கு அதனுள் ஒரு நாட்டின் பெயர் இருப்பது பெரும்பாலும் புலப்படுவதில்லை.

பெங்களூரும் அடையாறும்

இவ்வரிசையில் பெங்களூருக்கு உரிய பெயர் மாரிஸ் ஃப்ரீட்மன். போலந்து யூதரான இப்பொறியாளர் 1930களின் நடுப்பகுதியில் மைசூர் சமஸ்தான அரசின் மின்கருவித் தொழிற்சாலையை நடத்துவதற்காகப் பெங்களூருக்கு வந்தார். திருவண்ணாமலையில் ரமணரை அடுத்தார். காந்தியடிகளின் வட்டத்தில் சேர்ந்தார். அவுந்து சமஸ்தானத்தில் ஊராட்சிகளுக்கு அதிகாரம் வழங்கிய சோதனையில் பங்கு கொண்டார். மராத்தியில் பேசிய நிசர்கதத்த மகராஜின் உரையாடல்களை ஆங்கிலத்தில் தந்து 1973இல் நூலாக்கியவரும் அவரே. 1976இல் மும்பையில் மறைந்தார். ‘பாரதானந்தர்’ என்ற துறவுப் பெயரே ஆசிரம வட்டங்களில் அவரைக் குறித்தது.

வாண்டா டைனோவ்ஸ்கா 1935இல் இந்தியாவுக்கு வந்தவர். அடையாற்றுப் பிரம்மஞான சபையோடும் திருவண்ணாமலையோடும் தொடர்புடையவர். ‘உமாதேவி’ என்ற பெயரால் அறியப்பட்டார். 1944இல் ஃப்ரீட்மனின் துணையோடு ‘போலந்து – இந்திய நூலகம்’ என்ற நூல்வரிசையைத் தொடங்கி, இந்திய நூல்களைப் போலந்து மொழியில் பெயர்த்து வெளியிட்டார். இறுதிக் காலத்தில் திபெத்திய ஏதிலியர்க்குத் தொண்டாற்றி 1971இல் மைசூரில் மறைந்தார். திருக்குறளை 1958இல் போலந்து மொழிக்குத் தந்தவர் இவரே. 1977இல் போஹ்தன் கெம்பார்ஸ்கியின் மொழிபெயர்ப்பும் வந்தது.

போலந்தியர் என்றாலே கத்தோலிக்கர் என்ற கருத்து இவ்விருவரையும் கண்டால் நில்லாது. இரண்டாம் உலகப் போருக்கு முன் போலந்து மக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் யூதர். முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட அம்மக்களில் பெரும்பாலோரை நாஜிகள் கொன்றழித்தனர். போலந்து ஒற்றைச் சமய நாடாக இன்று தோன்றுவதற்கு அவ்வழிவும் ஒரு காரணம் என்பதை மறத்தல் கூடாது.

போலந்தியர் கூட்டமாக வந்த இடம் மேற்கிந்தியா. சோவியத் நாடுகடத்தலிலிருந்து மீண்ட குழந்தைகளுக்கு நவாநகர் மன்னர் திக்விஜய்சிங்ஜி 1942இல் பாலாசடியில் புகலிடம் அளித்தார். கோலாப்பூரை அடுத்த வலிவடேயில் 1943 முதல் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் தங்கினர். வார்சாவில் ஒரு சதுக்கம் இன்று ‘நல்ல மகாராஜா’வின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தமிழ்ப் புனைவில் போலந்து

போலந்தை அதன் சொந்தப் பெயரிலேயே தமிழுக்குக் கொணர்ந்தவர் இந்திரா பார்த்தசாரதி. 1981 முதல் 1986 வரை வார்சா பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராக இருந்தவர். 1980இல் ‘சாலிடாரிட்டி’ தொழிற்சங்கம் எழுந்து, 1981 டிசம்பர் 13 அன்று இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்ட கொந்தளிப்பான காலம் அது. போலந்தைக் களமாகக் கொண்ட அவர்தம் நாவலின் பெயர் ‘ஏசுவின் தோழர்கள்’. ‘தோழர்’ என்பது தமிழில் பொதுவுடைமை இயக்கத்தார் தம்முள் விளித்துக்கொள்ளும் சொல். அதனை ஏசுவின் பெயரோடு இணைத்த தலைப்பே, போலந்தைக் கோவில் என்றோ கட்சி என்றோ ஒற்றைச் சொல்லில் அடக்க இயலாது என்பதை உணர்த்துகிறது. அருகிருந்து கண்டவரின் எழுத்து வார்ப்புக்கு இணங்குவதில்லை.

வார்க்கப்பட்டோரின் பொறுப்பு

இன்று திரைப்படத்தின் வழியாகவும் இணையத்தின் வழியாகவும் போலந்தியர் பற்றிய மேலைப் படிமங்கள் தமிழிளைஞரை வந்தடைகின்றன. அவை பிறருடைய பகையிலும் கூலிப்பூசலிலும் விளைந்தவை. அவற்றை இரவலாகப் பெற்றுச் சிரிப்பதற்குமுன் தமிழர் தம் வரலாற்றையும் எண்ணுதல் வேண்டும். வடபுலத்தில் தென்னவர் அனைவரையும் ‘மதராசி’ என்ற ஒரே சொல்லில் அடக்கியதை நாம் அறிவோம். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பையொட்டி 1991 டிசம்பரில் பெங்களூரில் மூண்ட வன்முறையில், தமிழர் என்ற ஒரே அடையாளத்துக்காகத் தாக்கப்பட்டவர் பலர். பல தலைமுறைகளாக அந்நகரில் உழைத்தவர், கன்னடம் பேசுபவர், நீர்ப்பூசலோடு எத்தொடர்பும் இல்லாதவர் என்ற வேறுபாடுகளை அந்த அடையாளம் விழுங்கிவிட்டது.

ஈஜிபுராவுக்கு வடக்கேயுள்ள அல்சூரில் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை 1991 முதல் பதினெட்டு ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடிக்கிடந்தது. 2009 ஆகஸ்டு 9 அன்று அது திறக்கப்பட்டது. சில நாள்களில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை சென்னை அயனாவரத்தில் திறக்கப்பட்டது. போலந்து மொழியில் 1958லேயே இடம்பெற்ற வள்ளுவர்க்கு அண்டை மாநிலத் தலைநகரில் இடம்பெற அரை நூற்றாண்டு ஆயிற்று. அயல்மை என்பது தொலைவினால் மட்டும் அளக்கப்படுவதன்று. இடையில் நிற்கும் படிமத்தால் அளக்கப்படுவது என்பதற்கு இது சான்றாகும்.

முடிவுரை

போலந்தியர் பற்றிய வார்ப்புப் படிமங்கள் ஆதிக்கத்திலும் கூலிப்போட்டியிலும் தோன்றின. அவ்வுறவு இல்லாத தமிழில் அவை தோன்றவில்லை. ஆனால் வந்தவர்களின் இனப்பெயரைத் தமிழ் தன் பெயரிடும் மரபிலும் ஆங்கிலத்தின் வழியிலும் மறைத்துவிட்டது. வார்ப்பு ஒருவரின் தனித்தன்மையை அழிக்கிறது. பெயர் மறைவு அவர்தம் மூலத்தை அழிக்கிறது. முன்னதைக் காட்டிலும் பின்னது தீங்கு குறைந்ததேயன்றித் தீங்கற்றதன்று. அருள் சின்னப்பர், உமாதேவி, பாரதானந்தர் ஆகிய பெயர்களுக்குப் பக்கத்தில் வொய்த்தீவா, டைனோவ்ஸ்கா, ஃப்ரீட்மன் ஆகிய பெயர்களையும் எழுதிவைத்தல் தமிழாய்வின் கடமை. திருக்குறள் மொழிபெயர்ப்பு வரலாற்றைக் கற்பிக்கும் துறைகள் அப்பணியை எளிதில் தொடங்கலாம்.