கிளைட்பேங்கிலிருந்து கெடாவுக்கு ஒரு தையல் மெஷின்

ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் சிங்கர் கம்பெனி 1885-இல் திறந்த தொழிற்சாலை 1980-இல் மூடப்பட்டது. கட்டடம் இடிபட்டுப் போனாலும், அங்குள்ள ரயில் நிலையத்துக்கு இன்றும் சிங்கர் என்றே பெயர். 1913-இல் மட்டும் பதின்மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தையல் மெஷின்களைச் செய்த இடம் அது.

நான் பழுது பார்த்துக்கொண்டிருக்கும் கைமெஷினும் அங்கே பிறந்ததுதான். வலது ஓரத்தில் பொறித்திருக்கும் எண் 'ஒய்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குகிறது. 1920-களிலும் 1930-களின் முதல் பாதியிலும் கிளைட்பேங்க் இட்ட எழுத்து அது. மாடல் 28கே. வட்ட பாபின் கிடையாது; அடிநூலைத் தாங்கிய, தோட்டா போன்ற நீளச் சட்டல் முன்னும் பின்னும் ஆடும்.

இந்த மெஷின் வந்து சேர்ந்த இடம் மலாயாவின் கெடா மாநிலம். அது 1909 ஒப்பந்தத்தால் சயாமின் கையிலிருந்து பிரிட்டிஷார் கைக்கு மாறியது. கூலிம், சுங்கைப்பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. துரை பங்களாவில் மின்சாரம் எரிந்த காலத்திலும் தொழிலாளர் லயத்தில் மண்ணெண்ணெய் விளக்குதான். கரண்டு கேட்காத கைமெஷின் அந்த வீட்டுக்குப் பொருந்தியது. 1856-லேயே தவணை வியாபாரத்தைத் தொடங்கிவிட்ட கம்பெனி சிங்கர். மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் பார்க்காத குடும்பங்களுக்கு வேறு வழியும் இல்லை. விடியுமுன் பால்மரம் வெட்டப் போன பெண், மத்தியானம் திரும்பி வந்து ரவிக்கை தைத்தாள். தீபாவளி நெருங்கினால் லயத்துப் பிள்ளைகளின் சட்டைகளெல்லாம் அவள் வாசலில் குவியும். சம்பளம் தோட்டக் கணக்கரான கிராணியின் செக்ரோல் பதிவேட்டில் ஏறும். தையல் காசு எந்தக் கணக்கிலும் ஏறாமல் அவள் முந்தானையில் முடிந்து கிடக்கும். தோட்ட வரலாறு எழுதியவர்கள் இந்தக் காசைப் போதிய அளவு எண்ணவில்லை என்பது என் எண்ணம்.

ஜப்பான்காரன் காலத்தில் துணியே கிடைக்கவில்லை. 1943-இல் சயாம் ரயில் பாதைக்கு ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனபோது, இங்கே எஞ்சிய குடும்பங்கள் கோணிச் சாக்கைக்கூட உடுப்பாகத் தைத்தன. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடினார்கள். குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் சேர்த்து இழந்தன. அதைத் தடுக்கத்தான் அரசியல் தலைவரான துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சங்கம் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் சிக்கல் வந்தது. பலர் பினாங்கில் ரஜுலா கப்பல் ஏறி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் போனார்கள். தங்கியவர்களின் மெஷின்கள் ரப்பர் போய்ச் செம்பனை வந்ததையும், செம்பனை போய் வீடமைப்பு வந்ததையும் பார்த்தன. லயம் இடிந்து அடுக்குமாடிக்குக் குடிபோனபோது, பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கும் இந்த வார்ப்பிரும்புக்கு அங்கே இடமில்லை. பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டார்கள். என்னுடையதும் கூலிம் பக்கம் அப்படிப்பட்ட ஒரு கடையிலிருந்து வந்ததுதான்.

வந்தபோது சக்கரம் அசையவே இல்லை. பெரும்பாலும் துரு அல்ல, எண்ணெய்தான் காரணம். மெஷின் எண்ணெய் தீர்ந்த வீட்டில் சமையல் எண்ணெய் விட்டிருப்பார்கள். அது ஆண்டுக்கணக்கில் காய்ந்து பிசினாக இறுகிவிடும். முறுக்கித் திருப்பினால் ஏதாவது உடையும். எண்ணெய்த் துளை ஒவ்வொன்றிலும் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊற விட வேண்டும். மறுநாள் சக்கரம் நூலளவு அசைந்தால் போதும், மீதி தானாக வரும். பிறகு மண்ணெண்ணெயைத் துடைத்தெடுத்து நல்ல மெஷின் எண்ணெய். பாபின் சுற்றும் இடத்திலுள்ள சிறு ரப்பர் வளையத்தைப் புதிதாக மாற்றியே ஆக வேண்டும். ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்த மெஷினில் முதலில் கெடுவது அந்த ரப்பர்தான்.

உடம்பைத் தொடும்போதுதான் பயம். கறுப்பு உடம்பை அலங்கரிக்கும் பொன்பூக்களின் மேல் அரக்குப் பூச்சு இருக்கிறது. ஸ்பிரிட் பட்டால் அது கரையும்; அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் பட்டால் பொன் வெளுத்து வெள்ளியாகும். மெஷின் எண்ணெய் தோய்த்த பஞ்சு ஒன்றே போதும்.

இந்த மெஷினின் முன் விளிம்பில் பொன்பூ அறவே இல்லை. வலக்கை பிடியைச் சுற்ற, இடக்கை துணியைத் தள்ளும். அந்த மணிக்கட்டு உராய்ந்து உராய்ந்து கறுப்பும் போய் இரும்பு தெரிகிறது. சேகரிப்பாளர்களில் சிலர் இதைச் சுரண்டி, புது வண்ணமடித்து, இணையத்தில் விற்கும் ஸ்டிக்கர் பூக்களை ஒட்டிப் பளபளப்பாக்கி விற்கிறார்கள். எனக்கு அது கொடுமையாகப் படுகிறது. இயங்கும் பாகங்களைச் சரிசெய்யலாம். தேய்ந்த இடத்தை மூடக் கூடாது. அதைத் தேய்த்தவளுக்கு வேறு பதிவேடு கிடையாது.

பாட்டியின் மெஷினை விற்க நினைப்பவர்களிடம் இரண்டு வேண்டுகோள். சட்டலைத் தனியாகத் தொலைத்துவிடாதீர்கள். அது இல்லாமல் 28கே தைக்காது. பாட்டியின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதி மரப்பெட்டிக்குள் போட்டுக் கொடுங்கள். எனக்கு வந்ததில் அந்தத் தாள் இல்லை.