2147483647: இந்த எண்ணைத் தாண்டினால் கம்ப்யூட்டர் குழம்புவது ஏன்?

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. பார்த்தால் யாரோ ஒருவரின் போன் நம்பர் மாதிரிதான் இருக்கும். ஆனால் 250 ஆண்டுகளுக்கு முன்பே கணித மேதை ஆய்லர் ஆராய்ந்த எண் இது. 2038-ம் ஆண்டில் பழைய கம்ப்யூட்டர்களுக்குச் சிக்கல் தரப்போவதும் இதே எண்தான். எப்படின்னு பார்க்கலாம்.

அப்படி என்ன ஸ்பெஷல்?

31 இரண்டுகளைப் பெருக்கி, வரும் விடையில் 1-ஐக் கழித்தால் இந்த எண் கிடைக்கும். இது ஒரு பகா எண். அதாவது 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும். இந்த வடிவில் வரும் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். அந்த வரிசையில் இது 8-வது.

கால்குலேட்டர் இல்லாமல் கண்டுபிடித்தது எப்படி?

இது பகா எண்தானா என்று உறுதி செய்ய, 46,340 வரையுள்ள எண்களால் வகுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆய்லர் ஒரு குறுக்கு வழி கண்டார். இந்த எண்ணுக்குப் பகா வகுத்தி ஏதாவது இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 மட்டுமே வரும். இதனால் சுமார் 370 எண்களைச் சோதித்தாலே போதும் என்றானது. 1772-ல் இது பகா எண் என்று அவர் நிரூபித்தார். அதன்பின் 80 ஆண்டுகளுக்கும் மேலாக, அறியப்பட்ட மிகப்பெரிய பகா எண் இதுதான்.

கம்ப்யூட்டருக்கு இதில் என்ன வேலை?

32 பிட் முறையில் ஒரு எண்ணை எழுத 32 இடங்கள் உண்டு. ஒரு இடம் பிளஸ், மைனஸைக் காட்ட. மீதி 31 இடங்களிலும் 1 நிரம்பினால் வருவதுதான் 2147483647. இன்னும் ஒன்றைக் கூட்டினால் பிளஸ் இடம் மைனஸாக மாறி, மைனஸ் 2147483648 ஆகிவிடும். இது பகா எண்ணாக இருப்பதற்கும் இந்தச் சிக்கலுக்கும் தொடர்பில்லை.

2014-ல் 'கங்னம் ஸ்டைல்' பாடலின் பார்வை எண்ணிக்கை இந்த எல்லையைத் தொட்டதால், கவுன்ட்டரை 64 பிட்டுக்கு மாற்றியதாக யூடியூப் சொன்னது.

2038-ல் என்ன நடக்கும்?

பல கம்ப்யூட்டர்கள் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் நொடிகளாக எண்ணுகின்றன. 32 பிட்டில் எண்ணுபவற்றுக்கு, இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7-வது நொடியில் இந்த எண் வந்துவிடும். சரிசெய்யாத சாதனங்களில் அடுத்த நொடியே தேதி 1901 டிசம்பருக்குத் தாவக்கூடும்.

நம்ம போனுக்கு ஆபத்தா?

பயப்பட வேண்டாம். நேரத்தை 64 பிட்டில் எண்ணும் போன், கம்ப்யூட்டர்களுக்கு இன்னும் 29,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் கவலையில்லை. லினக்ஸில் 32 பிட் கருவிகளுக்கான தீர்வும் 2020-லேயே வந்துவிட்டது. பொருத்திய பின் அப்டேட்டே செய்யப்படாத தொழிற்சாலைக் கருவிகள், பழைய ரவுட்டர்கள் போன்றவற்றைத்தான் அதற்குள் தேடிப்பிடித்து மாற்ற வேண்டும்.