யானை வரைஞ்ச கைகள்: ஒரு குட்டி வரலாறு

1/ மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரி ஏறும்போது ரோட்டோரம் யானை நின்னா நாம என்ன செய்வோம்? கண்ணாடியை ஏத்திவிட்டு போனை எடுப்போம். அதே யானையைத் தலைமுறை தலைமுறையா வரைஞ்சவங்க அந்த மலையிலேயே இருக்காங்க. ஆலு குறும்பர்கள்.

2/ கோத்தகிரி பக்கம் வெள்ளரிக்கொம்பை. அங்கே ‘எழுத்துப் பாறை’ன்னு ஒரு இடம். மிகப் பழைய பாறை ஓவியங்கள். எங்க முன்னோர் வரைஞ்சதுன்னு குறும்பர்கள் சொல்றாங்க. பாறையிலிருந்து வீட்டுச் சுவருக்கும், பிறகு துணிக்கும் காகிதத்துக்கும் அந்தக் கலை இறங்கி வந்தது.

3/ வண்ணம் எல்லாம் காட்டிலிருந்துதான். பழுப்புக்கு வேங்கை மரப் பிசின். பச்சைக்கு காட்டு அவரை இலை. ஆமாங்க, சர்க்கரைக்கு நல்லதுன்னு மரக்குவளையில தண்ணி ஊத்திக் குடிக்கிறீங்களே, அதே வேங்கை! (மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க.)

4/ இந்தக் கலையை வெளியுலகத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஆர். கிருஷ்ணன். மலைத்தேன் எடுப்பது, காடு, விலங்குகள்னு வரைஞ்சார். 2026-ல் பத்மஸ்ரீ அறிவிச்சாங்க. வாங்க அவர் உயிரோட இல்லை.

5/ இப்ப கனடாவின் வடகோடிக்கு வாங்க. கெனோஜுவாக் அஷெவாக், இனுயிட் பெண். காசநோய் வந்து 1952 முதல் 1955 வரை கியூபெக் மருத்துவமனையில், வீட்டைவிட்டு வெகுதூரத்தில் இருந்தார். அந்த வார்டிலும் கைவேலை கத்துக்கிட்டார். டாக்டரா எனக்கு இது மறக்காத கதை.

6/ ஊர் திரும்பியவர் ஆந்தை, பறவைகள்னு வரைஞ்சார். 1959-ல் அவர் பகுதியில் கூட்டுறவுச் சங்கம் உருவாச்சு. நம்மூர் பால் சொசைட்டி மாதிரிதான். பாலுக்குப் பதில் படம்! வரைஞ்சா சங்கம் வாங்கும், அச்சிடும், வரைஞ்சவர் பேரோட விற்கும்.

7/ 1960-ல் வந்த அவருடைய ஆந்தைப் படம் 1970-ல் கனடா தபால்தலையில் வந்தது. அப்போ அவருக்கு 42 வயசு. 2013-ல் இறக்கும்வரை புகழோடு வாழ்ந்தார். இன்னைக்கும் அந்த ஊரில் புதுத் தலைமுறை வரையுது.

8/ திறமையில் நீலகிரி குறைஞ்சதில்லை. அங்கே வரைஞ்சா மாசாமாசம் காசு வர ஒரு வழி இருந்தது. இங்கே, வரையத் தெரிஞ்சவர் கூலி வேலைக்குப் போயிட்டா, அடுத்தவருக்கு யார் கத்துக் கொடுப்பாங்க?

9/ அடுத்த முறை மலைக்குப் போனா, யானை படம் போட்ட சாவிக்கொத்து வாங்கறதுக்கு முன்னாடி குறும்பர் ஓவியம் கிடைக்குமான்னு கேளுங்க. வரைஞ்சவர் பேரையும் கேளுங்க. உயிரோட இருக்கும்போதே.