செபமும் ஜெபமும்

தூத்துக்குடியில் அம்மாச்சி வீட்டில் அது செபம். பாளையங்கோட்டையில் அப்பாச்சி வீட்டில் ஜெபம். அம்மா ஆர்.சி. என்ற ரோமன் கத்தோலிக்கச் சபை, அப்பா சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்டுத் தென்னிந்தியத் திருச்சபை. 1951-இல் கல்யாணம். முழுப் பரீட்சை லீவில் பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே என்று வளர்ந்த எங்களுக்கு, எந்த வீட்டில் எந்தச் சொல் என்பது அடுக்களைக்குள் எங்கே கால் வைக்கலாம் என்பதுபோலத் தானாகவே பழகிப்போனது.

அம்மாச்சி விளக்கு வைத்ததும் செபமாலையை எடுத்துக்கொண்டு முழங்காலில் நிற்பாள். அப்பாச்சி வீட்டில் சாப்பாடு முடிந்து, பாயைப் போட்டு, ஒரு கீர்த்தனை பாடி, ஒரு அதிகாரம் வாசித்த பிறகு குடும்ப ஜெபம். ஆனால் இரண்டு இடத்திலும் கர்த்தர் கற்பித்த அந்த ஒரு செபம் உண்டு. இருவர் வாயிலும் பரமண்டலம் வரும், பிதா வருவார். அம்மாச்சிக்கு நாமம் 'அர்ச்சிக்கப்பட' வேண்டும். அப்பாச்சிக்குப் 'பரிசுத்தப்பட' வேண்டும். அம்மாச்சி உணவு கேட்பாள், அப்பாச்சி ஆகாரம் கேட்பாள். தீமையிலிருந்து மீட்கக் கேட்டதும் அம்மாச்சி 'ஆமென் சேசு' என்று நிறுத்திவிடுவாள். அப்பாச்சி நிறுத்தமாட்டாள், ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் யாருடையது என்று சொல்லித்தான் முடிப்பாள்.

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். தூத்துக்குடியில் எல்லோரும் நிறுத்திய பிறகும் நான் மட்டும் தொடர்ந்து சொல்லிவிட்டேன். அறையே அமைதியாகிவிட்டது. அம்மாச்சி திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "ஏளா, அது அங்க சொல்லுதது. இங்க இத்தோட சரி."

ஏன் இத்தோடு சரி என்று அப்போது கேட்கத் தெரியவில்லை. முப்பது வருடம் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தக் கேள்வியைத் தேடிப்போனேன். மத்தேயு நற்செய்தியின் மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் அந்தக் கடைசி வரி கிடையாது. ஆனால் ஆதித் திருச்சபையின் 'திதகே' என்னும் சிறுநூலில், இந்தச் செபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லுங்கள் என்று கட்டளையிடும் இடத்தில், வல்லமையையும் மகிமையையும் சொல்லும் முடிவு இருக்கிறது. கிரேக்க வழிபாட்டில் அது நிலைத்தது. லத்தீன் மரபில் செபம் அதற்கு முன்பே நின்றது. அம்மாச்சி, அப்பாச்சி இருவரிடமும் இருந்தது பழைய வழக்கம்தான். இருவரில் ஒருவர்கூடப் புதிதாக எதையும் ஒட்டவுமில்லை, வெட்டவுமில்லை.

இந்தச் செபம் தமிழுக்கு வந்த கதை எங்கள் கடற்கரையில்தான் தொடங்குகிறது. 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் கற்பிக்க ஆளில்லை. 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். இவர்களுடைய தாய்மொழி ஒன்று, என்னுடையது பாஸ்கு, ஒருவர் பேச்சு ஒருவருக்கு விளங்கவில்லை என்று 1544 தொடக்கத்தில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். இரு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களைக் கூட்டி, பல நாள் பாடுபட்டுச் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியை அடித்தபடி தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் சேர்த்தார். எல்லாவற்றையும்விட அதிகமாக அவர் சொல்லவைத்தது விசுவாசப் பிரமாணத்தை. அதன் பன்னிரண்டு பிரிவையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, இதை விசுவசிக்கிறீர்களா என்று கேட்பார். அவர்கள் கைகளை நெஞ்சில் சிலுவையாக மடித்து, விசுவசிக்கிறோம் என்பார்கள். இந்தப் பன்னிரண்டையும் நம்புவதால்தான் ஒருவனுக்குக் கிறிஸ்தவன் என்று பெயர் என்று அவர் எழுதியதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தப் பன்னிரண்டையும்தான் பாளையங்கோட்டை ஊசிக் கோபுரக் கோயிலில் ஞாயிறுதோறும் எழுந்து நின்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம்.

1554-இல் லிஸ்பனில் தமிழ்ச் செபங்கள் லத்தீன் எழுத்தில் அச்சாயின. அந்த வேலையில் ஈடுபட்ட தமிழர் மூவர் பெயர் அதில் நிற்கிறது: விசெந்தே தெ நசரே, ஜோர்ஜ் கர்வாலோ, தோமே தா குரூஸ். போர்த்துக்கீசியப் பெயர்களுக்குள் மறைந்துவிட்ட நம்மூர்ப் பிள்ளைகள். 1578-இல் சேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளார் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அதுதான். வெறும் 16 பக்கம். கடவுளுக்குத் 'தம்பிரான்' என்று சைவ மடத்துச் சொல்லை அதில் எடுத்துக்கொண்டார்கள். பரிசுத்த ஆவிக்குத் தமிழே இல்லாமல் 'இஸ்பிரீத்து சாந்து' என்றார்கள். அம்மாச்சியின் கிழிந்த செபப்புத்தகத்தில்கூட அந்தச் சொல் இருந்தது. அடுத்த நூற்றாண்டில் மதுரையில் அதே சபைக் குரு தெ நோபிலி காலத்தில் 'சர்வேசுரன்' நிலைபெற்றார்.

1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு லுத்தரன். ரோமைச் சபையோடு அவருக்குக் கடும் பகை உண்டு. ஆனாலும் தமிழில் கிறிஸ்துவைச் சொல்ல என்ன சொல் இருக்கிறது என்று தேடியபோது, கத்தோலிக்கர் எழுதிவைத்த தமிழ் நூல்களைத்தான் தேடித்தேடி வாசித்தார். பல சொற்களை அங்கிருந்தே எடுத்தார். சர்வேசுரனும் அப்படி வந்தவர்தான். பிற்காலத்தில் வேதாகமத்தை மொழிபெயர்த்த லுத்தரன் மிஷனரி பெப்ரீசியஸ் அதைப் 'பராபரன்' ஆக்கினார். 1871-இல் பவர் ஐயரின் வேதாகமத் திருப்புதல் 'தேவன்' ஆக்கியது. ஒரு சொல் மாறினால் சபையே கொந்தளித்தது. பழகிய சொல்லைப் பிடுங்குவது பெற்றவளைப் பிடுங்குவதுபோலத்தான் இருந்திருக்கும். அவர்கள் கோபத்தை நான் குறையாகச் சொல்லமாட்டேன்.

சண்டைக்கு நடுவிலும் பொருள் கைமாறிக்கொண்டே இருந்தது. 1761-இல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்தபோது கிடைத்த அச்சுப்பொறி சென்னைக்கு வந்து, வேப்பேரியில் பெப்ரீசியஸின் கைக்குப் போனது. லுத்தரன்களை மறுத்து நூலே எழுதிய வீரமாமுனிவரின் தேம்பாவணியைப் புராட்டஸ்டன்டுத் தமிழாசிரியர்கள் நெஞ்சோடு வைத்துப் படித்தார்கள். எனக்கு அதைப் பாடம் சொன்ன வாத்தியாரும் சி.எஸ்.ஐ.தான். அப்பாச்சி பாடிய கீர்த்தனைகளில் பல தஞ்சை வேதநாயக சாஸ்திரியாருடையவை. அவர் 1774-இல் திருநெல்வேலியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் லுத்தரன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூர் போனவர். இன்னும் பின்னால் போனால், 'சிலுவை' என்ற சொல்லே சுரியானி. மலங்கரைக் கிறிஸ்தவர்களிடமிருந்து தமிழுக்கு வந்தது. எல்லாச் சபையும் தோளில் சுமப்பது கேரளத்துச் சுரியானிக்காரர்களிடம் கடன் வாங்கிய சொல்லைத்தான்.

பொதுவாக இருந்தவை எல்லாம் நல்லவையும் அல்ல. சாதியும் எல்லாச் சபைக்கும் பொதுவாக இருந்தது. வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலில் சாதியைப் பிரிக்கச் சுவர் நின்றது. தஞ்சாவூர்ப் புராட்டஸ்டன்டு சபையில் சாதிப்படி உட்காரும் வழக்கத்துக்காக வாதாடியவர்களில் சாஸ்திரியாரும் ஒருவர். அவர் பாட்டை நேசிக்கும் எனக்கு இது வலிக்கிறது. பன்னிரண்டு பிரிவையும் ஒரே குரலில் சொல்லிவிட்டுத் தனித்தனி வாசலில் வெளியேறியவர்கள் நம் முன்னோர்.

இனி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் கோயிலில் தாலி கட்டிக்கொண்டதால், அன்றைய கத்தோலிக்கச் சட்டப்படி அது திருமணமே ஆகாது. அதனால் திருவிருந்தில் நன்மை வாங்கவும் அவளுக்கு வழியில்லை. தூத்துக்குடிக்குப் போனால் அம்மா அம்மாச்சியோடு பூசைக்குப் போவாள். நன்மை வாங்க எல்லோரும் எழுந்து முன்னால் போகும்போது, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பாள். புதுநன்மை வாங்கிய நாளில் எடுத்த போட்டோ அவளுடைய டிரங்குப் பெட்டியில் அடியில் இருந்தது. பாளையங்கோட்டையில் ஐயர் அவளிடம் கேட்டது ஒரே ஒரு காகிதம், தூத்துக்குடியில் எழுதிக் கொடுத்த ஞானஸ்நானச் சீட்டு. அதைப் பார்த்துவிட்டு, இது போதும் என்றார். இன்னொரு முறை தண்ணீர் ஊற்றவில்லை. பிதா, சுதன் என்று அங்கே சொன்னதும் பிதா, குமாரன் என்று இங்கே சொல்வதும் ஒன்றே என்று அவர் ஏற்றுக்கொண்டதை அம்மா கடைசிவரை நன்றியோடு சொல்வாள். எதிர்த்திசையில் வந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் ஐயத்தின்பேரில் மறுபடி ஞானஸ்நானம் கொடுப்பது வழக்கமாக இருந்தது. 1967-இல்தான் ரோமாபுரி அதைக் கண்டபடி செய்யக் கூடாது என்று தடுத்தது. 1970-இல் ஆறாம் பவுல் பாப்பரசர் கலப்பு மண விதிகளைத் தளர்த்தினார். அதற்குள் அம்மாச்சி போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அப்பா பெருமையாகச் சொல்லும் கதை தரங்கம்பாடிக் கதை. 1919 மே 1, 2 தேதிகளில் 33 பேர் அங்கே கூடினார்கள், இருவர் தவிர எல்லோரும் இந்தியர். முன்னின்றவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வே.ச. அசரியா, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். எங்களைப் பிரித்த சண்டைகள் நாங்கள் போட்டவை அல்ல, வேறு தேசத்தில் போட்டு எங்கள்மேல் சுமத்தப்பட்டவை என்று அவர்கள் அறிக்கையில் வருந்தினார்கள். சேர்வதற்கு அவர்கள் வைத்த அடிப்படை நான்கே: வேதாகமம்; அப்போஸ்தலர், நிசேயா விசுவாசப் பிரமாணங்கள்; ஞானஸ்நானமும் திருவிருந்தும்; பேராயர் பதவி. முதல் மூன்றில் சிக்கலே இல்லை. நான்காவதில்தான் 28 வருடம் போனது. சுதந்திரம் கிடைத்து ஆறு வாரத்தில், 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, ஏற்கெனவே சேர்ந்திருந்த பிரெஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் எல்லாம் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை ஆயின. அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945 புத்தாண்டு நாளில் மறைந்துவிட்டார். தரங்கம்பாடி லுத்தரன்களும் சேரவில்லை.

1950-இல் வந்த புதிய வழிபாட்டு முறையில் எனக்கு மிகவும் பிடித்தது சமாதானம் கொடுப்பது. குருவானவர் தம் வலது உள்ளங்கையை எதிரில் நிற்பவரின் வலது உள்ளங்கையோடு சேர்க்க, இருவரும் இடது கையால் அதை மூடுவார்கள். அது அப்படியே வரிசை வரிசையாகக் கடைசி பெஞ்சுவரை வரும். அதுவும் சுரியானி மரபிலிருந்து எடுத்ததுதான். அம்மாவுக்கு அந்தக் கணம் வந்தால் கண் கலங்கிவிடும்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது தூத்துக்குடியில் லத்தீன் பூசை தமிழுக்கு மாறியது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வேலை. அதுவரை முணுமுணுப்பாகக் கேட்டதெல்லாம் திடீரென்று புரிந்தது. புரிந்ததும் எனக்கு ஆச்சரியம். பாவ அறிக்கை, விசுவாசப் பிரமாணம், பரிசுத்தர் என்று மூன்று முறை பாடுவது, அப்பத்தை எடுத்து ஆசீர்வதிப்பது எல்லாம் எங்கள் கோயில் வரிசைதான். விசுவாசப் பிரமாணத்தில் அவர்கள் 'கத்தோலிக்க' என்று சொல்லும் இடத்தில் நாங்கள் 'பொதுவான' என்போம். அந்தக் கிரேக்கச் சொல்லுக்கே பொது என்றுதான் பொருள் என்று கல்லூரியில் படித்தபோது அம்மாவுக்கு அதை ஒரு அஞ்சலட்டையில் எழுதிப் போட்டேன். 1970-இல் வந்த புதிய பூசைப் புத்தகத்தில், கர்த்தர் கற்பித்த செபத்துக்குப் பின் குருவானவர் ஒரு சின்ன மன்றாட்டுச் சொல்ல, சபையார் அரசும் வல்லமையும் மாட்சியும் என்று பதில் சொல்கிறார்கள். அம்மாச்சி சொல்லாமல் விட்ட வரி அவளுடைய கோயிலுக்குள்ளேயே வந்து சேர்ந்தது.

1995-இல் திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு வந்தது. திண்டிவனத்துக் கத்தோலிக்க நடுநிலையமும் இந்திய வேதாகமச் சங்கமும் சேர்ந்து செய்தது. ஒரே மேசையில் இரு தரப்பும் உட்கார்ந்து கடவுளா தேவனா, ஞானஸ்நானமா திருமுழுக்கா என்று பேசி முடித்த அந்த உழைப்பின்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. எங்கள் கோயிலில் இன்றும் வாசிப்பது பவர் திருப்புதல்தான். வீட்டில் என் மேசையில் இரண்டும் இருக்கின்றன. காலையில் ஒன்று, இரவில் ஒன்று.

என் அண்ணன் மகன் பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்து, தாமிரபரணியில் மூழ்கி ஞானஸ்நானம் எடுத்தான். குழந்தையாக இருந்தபோது கொடுத்தது கணக்கில்லை என்கிறான். 1982-இல் பெருவின் லிமா நகரில் சபைகள் பல கூடி, ஞானஸ்நானத்தைத் திரும்பக் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று எழுதியதை அவனிடம் சொல்லிப் பார்த்தேன். அவன் கேட்கவில்லை. ஆனால் ஆற்றில் அவன்மேல் சொன்ன மூன்று பெயரும் அம்மாவின் சீட்டில் உள்ள அதே மூன்று பெயர். கரையில் நின்று நானும் ஆமென் சொன்னேன். திருவிருந்துப் பந்தி இன்னும் ஒன்றாகவில்லை. தூத்துக்குடியில் மாமா மகள் கல்யாணப் பூசையில், அம்மா உட்கார்ந்திருந்ததுபோலவே நானும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவை அப்பாவுக்குப் பக்கத்தில், எங்கள் கல்லறைத் தோட்டத்தில்தான் வைத்திருக்கிறோம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குத் தூத்துக்குடியிலிருந்து மாமா மகன் அண்ணாச்சி மெழுகுதிரிக் கட்டும் சாமந்திப் பூவுமாக வந்துவிடுவார். எங்கள் சபையிலும் இப்போது பலர் திரி கொளுத்துகிறார்கள். காற்றுக்கு அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு செபத்தைத் தொடங்குவோம். அவர் ஆகாரம் என்று சொல்லமாட்டார், நான் உணவு என்று சொல்லமாட்டேன். தீமை வந்ததும் அண்ணாச்சி நிறுத்துவார். நான் மீதியைச் சொல்லி முடிக்கும்வரை திரியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு இருவரும் ஆமென் சொல்வோம். அவர் மட்டும் கூடவே 'சேசு' சேர்த்துக்கொள்வார்.