ஐந்நூறு என்ற எண்: அரிகா நகாவோவின் சமூகவியலும் போர்ச்சட்டமும்

சீனாவுடனான போரில், 1894 நவம்பர் 21இல் ஜப்பானின் இரண்டாம் படை, ஐரோப்பியர் போர்ட் ஆர்தர் என்றழைத்த லியூஷுன் துறைமுகத்தைக் கைப்பற்றியது. அடுத்த சில நாள்களில் அங்கே நடந்த படுகொலையை மேலைநாட்டு நிருபர்கள் உலகறியச் செய்தனர். ஆக்ஸ்ஃபோர்டின் பன்னாட்டுச் சட்டப் பேராசிரியர் தாமஸ் எர்ஸ்கின் ஹாலண்ட், 1898இல் வெளிவந்த தம் கட்டுரைத் தொகுப்பில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். போர் முழுவதும் ஜப்பான் நாகரிக நாட்டுக்குரிய நெறிப்படி நடந்தது. போர்ட் ஆர்தர் ஒன்றே விலக்கு.

ஹாலண்ட் கொலையை மூடி மறைத்தவர் அல்லர். நகரில் உயிரோடு விடப்பட்ட சீனர் முப்பத்தாறு பேரே, அவர்களும் பிணம் புதைக்க வைக்கப்பட்டவர்களே என்ற செய்தியையும் அவர் எடுத்தாண்டார். குறை அவர் வகுத்த கட்டமைப்பில் இருக்கிறது. விதி ஒருபுறம், விலக்கு மறுபுறம் என்று பிரித்துவிட்டால், விதியைக் கையில் வைத்திருந்தவர்கள் களத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்ற கேள்விக்கே இடமில்லாமல் போகிறது.

அக்கேள்விக்கு உரியவர் அங்கேயே இருந்தார். படைத்தலைவர் ஓயாமா இவாவோவுடன் சென்ற சட்ட ஆலோசகர் அரிகா நகாவோ (1860–1921) அவர்.

அரிகா சட்டத்தில் தொடங்கியவர் அல்லர். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அமெரிக்க ஆசிரியர் ஃபெனொல்லோசாவிடம் மெய்யியல் பயின்று 1882இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே ஆங்கிலச் சிந்தனையாளர் ஹெர்பர்ட் ஸ்பென்சரை அடியொற்றிச் சமூகவியல் நூல் எழுதத் தொடங்கினார். சமூகம், சமயம், குடும்ப அமைப்பு ஆகியவற்றின் படிமலர்ச்சியைப் பேசும் மூன்று தொகுதிகள் 1883–84இல் வெளிவந்தன. பின்னர் அரசுப் பணி, ஐரோப்பியப் பயணம், வியன்னாவில் லோரன்ஸ் ஃபான் ஷ்டைனிடம் அரசியல் கல்வி. வழக்கமான வாழ்க்கை வரலாறு இங்கே சமூகவியலாளரை வழியனுப்பிவிட்டுச் சட்ட வல்லுநரை வரவேற்கும். அவ்வளவு எளிதில் அவர் விடைபெறவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சீனப் போர் பற்றிய அவர் நூல் ஜப்பானிய மொழியிலும் பிரெஞ்சிலும் 1896இல் வெளிவந்தது. இரண்டும் ஒரே ஆண்டைத் தாங்குவதால், எந்தப் பகுதி எம்மொழியில் முதலில் உருவானது என்பதை ஆண்டை மட்டும் கொண்டு முடிவுகட்ட இயலாது. நூலின் அடித்தளம் தெளிவானது: போர்ச்சட்டத்தை ஒரு தரப்பு பின்பற்றியது, மறுதரப்பு பின்பற்றவில்லை. ஜெனீவா ஒப்பந்தத்தில் ஜப்பான் 1886இலேயே சேர்ந்திருந்தது, சீனா சேரவில்லை. ஆனால் அரிகாவின் எழுத்தில் இந்த வேறுபாடு ஒப்பந்தத்தோடு நிற்பதில்லை. நாகரிகப் படிக்கட்டில் யார் எங்கே நிற்கிறார் என்ற கணக்காகவும் அது மாறுகிறது.

இங்கேதான் அந்த எண் வருகிறது. நகரின் வடக்கு நுழைவாயிலிலிருந்து நடுவிலுள்ள கோயில் வரை வீடுகளின் உள்ளும் புறமும் கிடந்த பிணங்களை விவரிக்கும் அரிகா, மொத்தம் ஏறத்தாழ 2000 என்கிறார். அவற்றுள் 500 போரிடாதோர் உடல்கள் என்கிறார். எப்படிப் பிரித்தார்? சீன வீரர்கள் சீருடையைக் களைந்து பொதுமக்கள் உடையில் கலந்தனர் என்பதே அன்றைய வெளியுறவு அமைச்சர் முத்சு முனெமித்சுவின் விளக்கம். அது உண்மையானால், உடையைப் பார்த்துப் பிணத்தை வகைப்படுத்த வழியே இல்லை. பெண்கள், குழந்தைகள், முதியோர் எனப் பார்த்தவுடன் தெரிந்தவர்கள் மட்டும் ஐந்நூறில் அடங்கினர் என்று கொண்டால், எஞ்சிய ஆண்கள் அனைவரும் இறந்தபின் படைவீரராக்கப்படுகிறார்கள். இரண்டில் எதுவானாலும் 500 என்பது எண்ணிக் கண்டதைவிட வகுத்துப் பெற்றதாகவே தோன்றுகிறது. ஹாலண்ட் விதிக்கு வெளியே நிறுத்திய நிகழ்வை, அரிகா வகைப்பாட்டின் மூலம் விதிக்கு உள்ளேயே கொண்டுவந்துவிட்டார். மனிதக் கூட்டங்களை வகைபிரித்து அடுக்கும் ஸ்பென்சரியப் பயிற்சி இதில் செயல்படுகிறது என்று கருதலாம். 1883ஆம் ஆண்டு நூலுக்கும் இந்தப் பகுதிக்கும் உள்ள உறவு முறை சார்ந்தது. நேர்ச்சான்று என்று அதைக் கூற முடியாது.

அதே கை 1913இலும் தெரிகிறது. சீனக் குடியரசின் தலைவர் யுவான் ஷிகாயின் ஆலோசகராகப் பெய்ஜிங் சென்ற அரிகா, அக்குடியரசின் இறைமை புரட்சியில் பிறந்ததன்று, 1912 பிப்ரவரி 12ஆம் நாள் சிங் அரச மரபின் பதவி விலகல் ஆணை வழியே கைமாறியது என்று வாதிட்டார். புரட்சியில் சேராத பகுதிகளும் குடியரசுக்குரியவை என்று நிறுவ இது உதவியது. யுவானின் அதிகாரத்துக்கும் வலுச்சேர்த்தது. கலகமா, மரபுரிமையா என்ற பெட்டியைத் தேர்ந்தெடுத்ததுமே விடையும் கிடைத்துவிடுகிறது.

இந்த வாசிப்புக்கு இடையூறான சான்றும் உண்டு. 1915இல் ஜப்பான் சீனாவிடம் இருபத்தொரு கோரிக்கைகளை நீட்டியபோது, அரிகா டோக்கியோ சென்று மூத்த அரசியல் தலைவர்களிடம் அவற்றுக்கு எதிராகப் பேசினார். தாய்நாட்டில் கடும் வசை வாங்கினார். நாகரிகப் படிக்கட்டில் சீனாவைக் கீழே நிறுத்தியவர் ஏன் அதன் பக்கம் நின்றார்? யுவானிடம் பெற்ற ஊதியம் ஒரு காரணமாக இருக்கலாம். கையெழுத்திட்டு உறுதிசெய்த உரிமையை எந்தப் படியில் நிற்பவரிடமிருந்தும் பறிக்கலாகாது என்ற சட்டவாதியின் பிடிவாதமும் காரணமாக இருக்கலாம். 1896ஆம் ஆண்டு நூலை மட்டும் வைத்துக்கொண்டு இவ்விரண்டில் ஒன்றைத் தேர்வது கடினம்.